எங்கள் வீட்டு இரண்டு மேஸ்திரிகள்

நம் பள்ளிக்கூட வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டாள். கறுப்பு உடம்பு, ஒட்டின வயிறு, ஊசி மூஞ்சி, குச்சிக் கால். கண்ணுக்கு மேலே ரெண்டு செம்மண் பொட்டு. அடியில், ‘நம் மண்ணின் வேட்டை நாய், கன்னி’ என்று எழுதியிருந்தாள். அதற்கு நீங்கள் எத்தனை பேர் இதயம் போட்டீர்கள், எத்தனை பேர் கை கூப்பினீர்கள்! ‘என்ன கம்பீரம்’ என்று வேறு. எனக்கு வந்த எரிச்சலில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

நாம் எட்டாம் வகுப்பு படிக்கும்போது இதே ஜாதி நாய் எங்கள் வீட்டில் இருந்தது. "இன்னாடி இது, ஆட்டுக்குட்டிய பட்டினி போட்டுக் கட்டி வச்சிகினு கீறீங்க?" என்று கேட்டது நீங்கள்தான். மறந்திருப்பீர்கள். உங்களில் ரெண்டு பேருக்குப் பேரப்பிள்ளையே பிறந்தாயிற்று, மறக்காமல் என்ன செய்யும். எனக்குத்தான் மறக்கவில்லை. போனில் தட்டினால் விரல் வலிக்கிறது, நோட்டில் எழுதுகிறேன்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பின்சுவர் ஏறிக் குதித்து, ஜரிகையையும் பட்டு நூலையும் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆரணியில் தறி வைத்திருக்கிற வீட்டில் நூல் போவது சாதாரண விஷயம் இல்லை. நூல் நம்முடையதா என்ன? கடை முதலாளி நம்பிக் கொடுத்தது. அப்பா நாலு நாள் தறியடியிலேயே பாய் போட்டுப் படுத்தார். ஐந்தாம் நாள், "ஒரு நாய் வேணும்டா" என்று சித்தப்பாவிடம் சொன்னார்.

சித்தப்பா அரிசி ஆலை லாரி ஓட்டுகிறவர். மூட்டை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிப் பக்கம் போய்வருவார். அடுத்த தடவை வரும்போது சட்டைக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"அண்ணா, இது கன்னி. அந்தப் பக்கத்துல முயல ஓட்டிப் புடிக்கிற நாய். ஆயிரம் பேருகிட்ட கேட்டாலும் கெடைக்காது."

அம்மா குட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆம்பளக் குட்டிக்கு கன்னின்னு எவன்டா பேரு வச்சான்?" என்றாள்.

"அது பேரு இல்ல அண்ணி, ஜாதி."

"நாய்க்குமாடா!" என்று சொல்லி அதன் மூக்கில் ஒரு சொட்டுப் பால் வைத்தாள். எங்கள் அம்மா வாயிலிருந்து வருவது எல்லாமே இப்படித்தான் வரும். எழுதி வைக்காமல் விட்டதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

முயல் பிடிக்கிற நாயைத் திருடனைப் பிடிக்கக் கொண்டுவந்தார்கள். அங்கே தொடங்கியது கோணல். அன்றைக்கு அது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

குட்டி வளர்ந்தது. மேலே மேலே வளர்ந்ததே தவிர, பக்கவாட்டில் வளரவே இல்லை. ஆறு மாதத்தில் என் இடுப்பு உயரம். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். எதிர்வீட்டு அத்தைக்கு அது பெரிய விருந்து. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இன்னா அண்ணி, நீங்க மட்டும் மூணு வேள துண்ணுட்டு நாய்க்குக் கஞ்சித்தண்ணி ஊத்துறீங்களா? எலும்ப எண்ணிடலாம் போல கீது!" என்பார்.

அம்மாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நெய் விட்டுச் சோறு பிசைந்து வைத்தாள். இட்லியைப் பாலில் ஊறவைத்து வைத்தாள். அவன் நாலு வாய் தின்றுவிட்டு, மீதியை மூக்கால் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான். "துண்ணுடா, என் மானத்த வாங்காத" என்று அலுமினியத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே சுற்றுவாள். ஒருநாள் அவளும் நானும் மாட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். மறுபடியும் போனோம், மறுபடியும் பூச்சி மருந்து. மூன்றாம் தடவை அவரே பேனாவை மூடிவிட்டு, "மாட்டுக்கு இப்பிடி வெலா தெரிஞ்சா திட்டி அனுப்புவேன். இதுக்கு இன்னா சொல்றதுன்னு எனக்கே தெரியலம்மா" என்றார். நல்ல மனுஷன். இந்தக் கதையில் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பெரியவர் அவர் ஒருத்தர்தான்.

சித்தப்பா வந்து, "அதோட ஒடம்பே அப்பிடித்தான் அண்ணி, அது ஓடுற ஒடம்பு" என்றார்.

"நீ போய் தெருவுல நின்னு சொல்லு அத" என்றாள் அம்மா.

குரைக்கவும் மாட்டான். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் ஒருநாள் நேராகச் சமையல்கட்டு வரைக்கும் வந்து, சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, "நல்ல நாய்ம்மா, தொந்தரவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அதே நாய், கொல்லை முருங்கையில் ஒரு அணில் வாலை ஆட்டினால் போதும், கட்டின கயிற்றோடு தூணையே பெயர்த்துக்கொண்டு போகப் பார்க்கும். சங்கிலி கழுத்தை அறுக்கிறது என்று, நான் கழிவுப் பட்டு நூலை எல்லாம் சேர்த்து முறுக்கி அவனுக்கு ஒரு கயிறு திரித்திருந்தேன். பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் எல்லாம் கலந்து கிடக்கும் அதில். பட்டுக் கயிற்றில் கட்டின நாய் ஆரணியில் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். இழுக்க இழுக்க என் உள்ளங்கையில் கோடு விழும்.

இப்போது பேர் வைத்த கதைக்கு வருகிறேன். வினையே அதில்தான் வந்தது.

எங்கள் தறிக்கு நீளவாட்டில் ஓடும் பாவும் குறுக்கே போகும் ஊடை நூலும் கொண்டுவந்து கொடுப்பவர், நெய்த புடவையைப் பார்த்து எடுத்துப் போகிறவர், முதலாளியின் ஆள் ஒருத்தர். அவரை எல்லாரும் மேஸ்திரி என்போம். அவர் பாவு கொடுத்தால் தறி ஓடும், கொடுக்காவிட்டால் நிற்கும். ஒல்லியான ஆள். உயரம். நீண்ட மூக்கு. வந்தால் பேசமாட்டார். தறிப்பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கு புடவையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்து, "உம்" என்பார். அந்த ஒரு "உம்"முக்கு அப்பா வேட்டியை ரெண்டு தடவை இறுக்கிக் கட்டுவார்.

அப்பா நெய்யும்போது ஊடை நூலைச் சுமந்த நாடாக்கட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் ஓடும். நம் நாய் என்ன செய்யும் தெரியுமா? தறிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாடாவோடு கூடவே தலையைத் திருப்பும். இப்படி, அப்படி. இப்படி, அப்படி. மணிக்கணக்கில். ஓடுகிற எதுவும் அவனுக்கு முயல்தான். மூக்கு நீளம், உடம்பு ஒல்லி, பேச்சு கிடையாது, பார்வை மட்டும் தறி மேலேயே. அப்பா ஒருநாள் நாடாக் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டு, "இன்னாங்க மேஸ்திரி, புடவ நல்லா வருதுங்களா?" என்று அவனைக் கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றோடு அவன் மேஸ்திரி ஆகிவிட்டான். வீட்டுக்குள் ஒரு விளையாட்டு. அவ்வளவுதான்.

அந்தப் பேர் வைத்தும் பிரயோஜனம் இல்லை. கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். "செவுட்டு நாய்" என்று முடிவு கட்டினார்கள். காது நன்றாகக் கேட்கும். கேட்டாலும் அவனுக்குப் பொருட்டில்லை. அவனுக்கு எல்லாமே கண். தாவணித் தலைப்பை ஒரு ஆட்டு ஆட்டினால், எங்கே இருந்தாலும் அம்பு மாதிரி வருவான். இதை நான் கண்டுபிடித்தது கமண்டல நாகநதியில். ஆறு காய்ந்து மணலாகக் கிடந்த மாதங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். உங்களில் ரெண்டு பேர் கூட வந்தீர்கள். யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆலைப் பக்கமிருந்து நெல் வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. மணல் காலுக்குச் சில்லென்று இருந்தது. கயிற்றை அவிழ்த்தேன். அவன் ஒரு கணம் நின்று, தூரத்தில் எதையோ பார்த்தான். பிறகு அங்கே இல்லை. முதுகு வில் மாதிரி வளைந்து நிமிர்ந்தது, நாலு காலும் ஒன்றாகத் தரையை விட்டன, மணல் நம் மூஞ்சியில் வந்து விழுந்தது. வீட்டில் கோணலும் மாணலுமாக எங்கே கை வைப்பது, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் இடித்துக்கொண்டு திரிந்தவன், அங்கே ஒரு எலும்பு கூட அதிகமில்லாமல் இருந்தான். எதற்காக அந்த விலா, எதற்காக அந்த ஒட்டின வயிறு என்று எனக்கு அரை நிமிஷத்தில் புரிந்தது. பயத்தில் நாம் மூன்று பேரும் "மேஸ்திரி! மேஸ்திரி! வாடா!" என்று கத்தினோம். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அவன் வரவில்லை. தாவணியை ஆட்டினேன், வந்தான்.

அன்றைக்கு முழுக்க அவன் தூங்கினான். நாடா ஓடினது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் பாவின் மேல் கால் போட்டு இருபது இழையை அறுத்திருந்தான். நான் ஓடிப்போய், "அப்பா, தெனம் ஓட வுட்டா தறிகிட்டயே வரமாட்டான்ப்பா" என்றேன்.

"பொம்பளப் புள்ள ஆத்துல நாயோட ஓடினா ஊரு இன்னா பேசும்? கட்டிப் போடு."

"நீ ஒரு வாட்டி வந்து பாருப்பா."

"தறிய யாரு வுட்டுட்டு வருவா? சொன்னா கேளு."

நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்குக் கணக்கில்லை. ஒரு ஞாயிறு திருட்டுத்தனமாகப் போவேன், மறு ஞாயிறு மாட்டிக்கொள்வேன். அப்பா கெட்டவர் இல்லை. மார்கழியில் அந்த மெல்லிய தோலுக்குக் குளிர் தாங்காமல், அவன் தறிக்குழிக்குள் இறங்கி அப்பாவின் காலைச் சுற்றிப் படுத்துக்கொள்வான். மிதியை மிதிக்க முடியாது. "பேஜாரு புடிச்ச நாயி" என்று திட்டுவார். ஆனால் அரைமணி நேரம் காலை அசைக்காமல் நூல் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர், நான் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தை பிறந்ததும் அந்த நாள் வந்தது. பாவில் கடைசிப் புடவை முடியும் தறுவாய். நிஜ மேஸ்திரி வந்து, வழக்கம்போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். காபி டம்ளர் பக்கத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நாய் வாசலில் கட்டிக் கிடந்தான். அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்ததும் தெரியாது, நான் காபி போட்டதும் தெரியாது. அங்கிருந்து தறி வீட்டை எட்டிப் பார்த்தவளுக்குத் தறிமேல் ஒரு நீள நிழல் மட்டும் தெரிந்திருக்கிறது. கத்தினாள்:

"ஏய், அந்த மேஸ்திரி மூஞ்சிய தறிமேல வச்சிகினு கீறான் பாரு! முதுகுல ஒண்ணு போட்டு வெளிய தொரத்துடீ!"

அவர் மெதுவாக நிமிர்ந்தார். அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் துண்டால் மூடி இருமினார். "வரேன். திங்கக்கெழம பாவு எடுத்துகினு வரேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். காபியைத் தொடவில்லை.

அப்பா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்து அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "இருவது வருஷமா வர்ற மனுஷன். இன்னாடி பண்ணிட்டேன் நானு."

திங்கட்கிழமை அவர் வரவில்லை. மறு திங்களும் வரவில்லை. புடவையை அறுத்து மடித்து வைத்தாயிற்று. தறி வெறும் மரமாக நின்றது. எங்கள் தெருவில் தறிச்சத்தம் இல்லாத வீடு என்றால் சாவு வீடு, இல்லை சண்டை வீடு. அத்தை வேறு எதிரிலிருந்து, "இன்னா அண்ணி, சத்தமே காணோம்?" என்று கேட்பார்.

அம்மா நாய்க்குப் பேர் மாற்றினாள். ‘ராஜா’. அவனுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவன்தான் எந்தப் பேருக்கும் திரும்புவதில்லையே. கஷ்டம் எங்கள் நாக்குக்குத்தான். "மேஸ்திரிக்கு... ஐயோ, ராஜாவுக்குச் சோறு வச்சியா?" என்று அவளே சொல்லிவிட்டுத் தன் வாயில் அடித்துக்கொள்வாள்.

"அப்பா, போய் அவரக் கேளுப்பா" என்றேன்.

"போய் இன்னான்னு கேப்பேன்? எங்க வூட்டு நாய்க்கு ஒங்க பேரு வச்சிட்டோம், கோவமான்னா?"

"ஆமா. அப்பிடியே கேளு."

"வாய மூடு. கேட்டா இன்னும் கோவம்தான் வரும். அவரு காதுல இனிமே அந்தப் பேரே வுழக் கூடாது."

"அப்போ நான் போறேன்."

"கால ஒடச்சிடுவேன்."

மூன்றாம் வாரம் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வாசலில் பட்டுக் கயிறு மட்டும் சுருண்டு கிடந்தது. அம்மா என் மூஞ்சியைப் பார்க்காமல், "சித்தப்பா லாரில அனுப்பிட்டோம். அவங்க ஊருலயே நல்லா இருப்பான்" என்றாள். ஒரு வாய் காபி குடிக்கச் சொன்னாள். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன். அந்தக் கயிறும் பிறகு எங்கே போனதோ, வீடு மாறினதில் காணோம்.

கோவில்பட்டி வரைக்கும் கூட அவன் போகவில்லை என்பது சனிக்கிழமை சித்தப்பா திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. விழுப்புரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தின இடத்தில், யாரோ ஒருத்தர் ஆசையாகக் கேட்டாராம், சித்தப்பா கொடுத்துவிட்டாராம். "யாரு அது, சித்தப்பா? பேரு இன்னா?" என்று நான் கேட்டால், "மீச வச்சிருந்தாரு" என்றார். "லோடு எறக்க ஜல்தியா போவணும், பேரு கேட்டுகினா நிப்பாங்க?" என்றும் சொன்னார். நீங்களே சொல்லுங்கள், இந்த மனுஷரை என்ன செய்வது?

அவன் போனதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, மேஸ்திரி வந்தார். தோளில் புதுப் பாவு. கையில் ஒரு காகிதப் பொட்டலம். இன்னும் இளைத்திருந்தார். அப்பா எழுந்து நின்றார்.

"எங்கம்மாவுக்கு வேலூர்ல கண்ணு ஆபரேஷன்யா. திடீர்னு கூப்ட்டுட்டாங்க. ஒனக்குச் சொல்லி அனுப்பக்கூட ஆளு இல்ல" என்று பாவை இறக்கி வைத்தார். பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பொறை, பேக்கரியில் நாய்க்கு வாங்குவது. சுற்றும் முற்றும் பார்த்து, "எங்க என் பேருக்காரன்?" என்றார்.

அம்மா அடுப்படிக்குள் நுழைந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஆத்தங்கரைல புள்ளைங்க கூப்ட்ட அன்னிக்கே தெருவே சொல்லிடுச்சி. அன்னிக்கு அண்ணி போட்ட சத்தம் இருக்கே! அங்கயே சிரிச்சா அவங்க வெக்கப்படுவாங்களேன்னு காபியக்கூட வுட்டுட்டு ஓடனேன். ஆஸ்பத்திரில எங்கம்மாகிட்ட சொன்னேன், கட்டு போட்ட கண்ணோட சிரிச்சிது பாவம். ‘அந்த நாய ஒரு நாளு கூட்டிகினு வாடா, தொட்டுப் பாக்கறேன்’னு கேட்டுகினே கீது."

அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

அப்பா, "அவன் என் தம்பி லாரில போயிருக்கான்ங்க. அடுத்த லோடுல வந்துடுவான்" என்றார்.

என்னால் முடியவில்லை. "பொய்ங்க. நீங்க கோவிச்சிகினீங்கன்னு பயந்து யாருக்கோ குடுத்துட்டாங்க. போய்க் கேளுப்பான்னு நான் சொன்னேன், கேக்கவே இல்ல" என்று கத்திவிட்டேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

மேஸ்திரி பொறையை மறுபடியும் பொட்டலமாக மடித்தார். மடித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. "என்னப் பாத்தா ஒனக்கு அவ்ளோ பயமாய்யா?" என்று கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"தறி நின்னுடுச்சிங்களே" என்றார் அப்பா.

சித்தப்பா அதற்கப்புறம் நாலைந்து தடவை அந்த டீக்கடையில் நிறுத்தி விசாரித்தார். மீசை வைத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

மேஸ்திரி வந்துபோன அன்று மத்தியானமே அப்பா புதுப் பாவைப் பழைய நுனியோடு பிணைக்க உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுப்பது எப்போதும் என் வேலை. "வாம்மா" என்றார். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கூப்பிட்டார். போகவில்லை. ஒற்றை ஆளாக மூன்று நாள் உட்கார்ந்து பிணைத்து முடித்தார். அந்த மூன்று நாளும், அதற்குப் பிறகும், அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அன்றோடு தீர்த்திருப்பேன்.